ஃபேன்டஸி ஹாக்கி: வீரர் வெளிநாட்டு லீக்குக்குப் போயிட்டா என்ன பண்ணலாம்? காத்திருப்பதா, கழற்றிவிடுவதா?

2013 ஜூலை 11. அமெரிக்காவின் நியூ ஜெர்சி டெவில்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் நட்சத்திர வீரர் இலியா கோவால்சுக், என்.எச்.எல் லீக்கில் இருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 30தான். ஒப்பந்தத்தில் இன்னும் 12 ஆண்டுகளும் 77 மில்லியன் டாலரும் பாக்கி இருந்தன. அத்தனையையும் விட்டுவிட்டு சொந்த நாடான ரஷ்யாவுக்குப் போனார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் எஸ்.கே.ஏ அணியில் வழக்கம்போல ஆட ஆரம்பித்தார்.

டெவில்ஸ் அணிக்கு இது பேரிடி. அதே நாளில் இன்னொரு கூட்டமும் தலையில் கை வைத்து உட்கார்ந்தது. தங்கள் ஃபேன்டஸி ஹாக்கி அணியில் கோவால்சுக்கை வைத்திருந்தவர்கள்தான் அவர்கள்.

வீரர் காயம் அடைந்தால் என்ன செய்வது என்று எல்லா ஃபேன்டஸி லீக்கிலும் விதி இருக்கும். ஆனால் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர் வேறு நாட்டு லீக்குக்குக் கிளம்பிவிட்டால்? அவரை அணியில் வைத்திருக்கலாமா, இடத்தைக் காலி செய்ய வேண்டுமா? நாலு வருஷம் கழித்துத் திரும்பி வந்தால் அவர் யாருக்குச் சொந்தம்? பல நண்பர் குழுக்களில் சண்டை வருவது இந்த இடத்தில்தான்.

விரிவாகப் பார்க்கலாம்.

ஃபேன்டஸி ஹாக்கின்னா என்ன?

நம்ம ஊரில் ஃபேன்டஸி என்றாலே கிரிக்கெட்தான். மேட்ச் அன்றைக்கு 11 பேரைத் தேர்வு செய்வோம். மேட்ச் முடிந்தால் அந்த அணியின் கதையும் முடிந்தது. இந்தியாவில் காசு கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு 2025-ல் தடைச் சட்டமும் வந்துவிட்டது.

கனடா, அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கியை வைத்து ஆடும் ஃபேன்டஸி பெரும்பாலும் வேறு வகை. 10 அல்லது 12 நண்பர்கள் சேர்ந்து ஒரு லீக் தொடங்குவார்கள். டிராஃப்ட் நடத்தி வீரர்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்க முடியாது. அந்த வீரர் நிஜத்தில் கோல் அடித்தால், கோலுக்குப் பாஸ் கொடுத்தால், இவருக்குப் புள்ளி. லீக்கை நடத்துபவருக்கு கமிஷனர் என்று பெயர். தமிழர்கள் அதிகம் வாழும் டொரண்டோவும் ஹாக்கி பைத்தியம் பிடித்த ஊர்தான் என்பதால், புலம்பெயர்ந்த தமிழ் இளைஞர்களுக்கு இந்த ஆட்டம் புதிதாக இருக்காது.

இதில் மூன்று வகை உண்டு.

ரீடிராஃப்ட் லீக்: ஒவ்வொரு சீசனும் எல்லாம் பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். பழைய அணி கலைந்துவிடும்.

கீப்பர் லீக்: அடுத்த சீசனுக்கு நாலைந்து வீரர்களை மட்டும் தக்கவைத்துக்கொள்ளலாம்.

டைனஸ்டி லீக்: கிட்டத்தட்ட முழு அணியும் வருடக்கணக்கில் உங்களிடமே இருக்கும். இன்னும் என்.எச்.எல் பக்கமே வராத 18 வயதுப் பையனைக் கூட இப்போதே எடுத்து வைக்கலாம்.

ரீடிராஃப்ட்டில் பெரிய குழப்பம் இல்லை. வீரர் கிளம்பியது உறுதியானால் கழற்றிவிட்டு அடுத்த ஆளை எடுக்க வேண்டியதுதான். வதந்தியை நம்பி அவசரப்படாமல் இருந்தால் போதும். சிக்கல் எல்லாம் கீப்பரிலும் டைனஸ்டியிலும்தான்.

ஏன் கிளம்புறாங்க?

ரஷ்யாவின் கே.எச்.எல் லீக்தான் அதிகம் பேசப்படுவது. அதைத் தவிர ஸ்வீடன், ஃபின்லாந்து, சுவிட்சர்லாந்து, செக் குடியரசு என வலுவான ஐரோப்பிய லீக்குகள் உண்டு. கே.எச்.எல் சீசன் செப்டம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும்; என்.எச்.எல் அதற்குப் பிறகுதான். அதனால் கோடை விடுமுறையில்தான் இந்தச் செய்திகள் வரிசையாக வரும்.

காரணங்கள் பல. சொந்த ஊர், குடும்பம், மொழி. என்.எச்.எல்லில் பெஞ்சில் உட்கார்வதைவிட அங்கே முதல் வரிசையில் ஆடலாம் என்ற கணக்கு. பணம். சில நேரம் வீரரின் விருப்பத்துக்கே இடமில்லாத சூழ்நிலை.

கோல்கீப்பர் இவான் ஃபெடோடோவ் அதற்கு உதாரணம். 2022-ல் பிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ் அணியுடன் ஒப்பந்தம் போட்டார். அதே ஆண்டு ஜூலையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிடித்துச் செல்லப்பட்டு ராணுவ சேவைக்கு அனுப்பப்பட்டார். அவர் பிலடெல்ஃபியா வந்து சேர 2024 மார்ச் ஆகிவிட்டது. ஃபேன்டஸி அணியின் திரையில் அவர் பெயருக்கு எதிரே வெறும் பூஜ்யம்தான் தெரிந்திருக்கும். பின்னால் இருந்த வாழ்க்கை தெரியாது.

2022-ல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு, ரஷ்ய வணிகக் கூட்டாளிகளுடனான உறவை என்.எச்.எல் நிறுத்திக்கொண்டது. அங்கே இருக்கும் வீரர் எப்போது வருவார் என்று கணிப்பது அதற்குப் பிறகு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எப்படிப் போனார்?

"வெளிநாடு போயிட்டார்" என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், இதில் ஐந்து வகை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் திரும்பி வரும் வாய்ப்பு வேறு.

1. ஒப்பந்தம் முடிந்து, சுதந்திர வீரராகப் போனவர். என்.எச்.எல்லில் எந்த அணிக்கும் இவர் மீது உரிமை இல்லை. திரும்பி வந்தால் எந்த அணியிலும் சேரலாம். செக் வீரர் டேவிட் கிரெய்ச்சி 2021-ல் போஸ்டன் புரூயின்ஸை விட்டுச் சொந்த நாட்டு லீக்குக்குப் போனது இப்படித்தான்.

2. ஒப்பந்தம் முடிந்தும், பழைய அணியிடம் உரிமை மிச்சம் இருப்பவர். பெரும்பாலும் 27 வயதுக்கு உட்பட்ட இளம் வீரர்கள். அணி முறைப்படி ஆஃபர் கொடுத்து வைத்திருந்தால், திரும்பி வரும்போது அந்த அணியுடன்தான் பேச வேண்டும். வலேரி நிச்சுஷ்கின் 2016-ல் மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ அணிக்குப் போய்விட்டு, 2018-ல் பழைய டல்லாஸ் ஸ்டார்ஸ் அணிக்கே வந்தார்.

3. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே போனவர். அலெக்சாண்டர் ராதுலோவ் 2008-ல் நாஷ்வில் பிரிடேட்டர்ஸ் அணியுடன் ஒரு வருடம் பாக்கி இருக்கும்போதே ரஷ்யாவின் ஊஃபா நகர அணிக்குப் போனார். 2012 மார்ச்சில் திரும்பியபோது, அந்தப் பாக்கி வருடத்தை முடிக்க நாஷ்வில்லுக்குத்தான் வர வேண்டியிருந்தது. கோவால்சுக்கின் "ஓய்வு"ம் இந்த வகைதான். 2018 ஏப்ரலில் 35 வயது முடிந்த பிறகுதான் வேறு அணியுடன் சேரும் சுதந்திரம் அவருக்குக் கிடைத்தது.

4. அணியே கடனாக அனுப்பி வைத்தவர். ஐரோப்பிய அணிக்கு லோன் போன இளம் வீரர். இவரைக் கூப்பிட்டால் வந்துவிடுவார். இவரை "போய்விட்டவர்" கணக்கில் சேர்க்கவே கூடாது.

5. இன்னும் வராதவர். என்.எச்.எல் அணி டிராஃப்ட்டில் எடுத்திருக்கும். ஆனால் சொந்த நாட்டு ஒப்பந்தம் முடியும் வரை அங்கேயே ஆடுவார்.

ஃபேன்டஸி அணி வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, இந்த ஐந்து பேரையும் ஒரே தராசில் வைப்பதுதான்.

காத்திருந்தவங்களுக்கு என்ன கிடைச்சது?

நடந்த கதைகளைப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். ஹாக்கியில் ஒரு கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு உதவிய பாஸுக்கு ஒரு புள்ளி. அந்தக் கணக்கில் பார்ப்போம்.

கோவால்சுக்: 2011-12 சீசனில் 83 புள்ளிகள். ஐந்து சீசன் ரஷ்யாவில் ஆடிவிட்டு 2018-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அணிக்கு வந்தார். 2018-19-ல் 64 ஆட்டங்களில் 34 புள்ளிகள்தான். ஐந்து வருடம் அவருக்காக ஓர் இடத்தைக் காலியாக வைத்திருந்தவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ராதுலோவ்: 2007-08-ல் 58 புள்ளிகள். 2012-ல் ஒரு சின்ன எட்டிப்பார்ப்பு, 9 ஆட்டங்கள். மறுபடியும் ரஷ்யா. 2016-ல் மான்ட்ரியல் அணியில் 54 புள்ளிகள். அடுத்து டல்லாஸில் 2017-18, 2018-19 என இரண்டு சீசனிலும் தலா 72 புள்ளிகள். அதாவது கிளம்பி எட்டு வருடம் கழித்துத்தான் பலன். அதற்குள் நாஷ்வில்லின் உரிமையே காலாவதியாகிவிட்டது. நிஜ அணிக்கே கிடைக்காத வீரரை, ஃபேன்டஸி அணி எட்டு வருடம் பிடித்து வைத்திருப்பது நியாயமா என்ற கேள்வி இங்கே வருகிறது.

நிச்சுஷ்கின்: திரும்பி வந்த முதல் சீசனில், 2018-19-ல், 57 ஆட்டங்களில் ஒரு கோல் கூட இல்லை. 10 பாஸ் மட்டுமே. டல்லாஸ் அணி அவரை விடுவித்தது. கொலராடோ அணி எடுத்துக்கொண்டது. 2021-22-ல் 25 கோல்கள், கூடவே ஸ்டான்லி கோப்பை. திரும்பி வந்த உடனே துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். முதல் வருடத்தை மட்டும் பார்த்துத் தூக்கி எறியவும் வேண்டாம் என்பதற்கு இவர் சாட்சி.

கிரெய்ச்சி: ஒரே ஒரு சீசன்தான் வெளியே. 2022-23-ல் போஸ்டனுக்கே திரும்பி, 36 வயதில் 70 ஆட்டங்களில் 56 புள்ளிகள். வயதானவர் என்று உடனே கழற்றிவிட்டவர்களுக்கு நஷ்டம்.

யாரோமிர் யாகர்: 2008-ல் ரஷ்யாவின் ஓம்ஸ்க் நகர அணிக்குப் போனார். மூன்று சீசன் கழித்து, 39 வயதில் ஃப்ளையர்ஸ் அணிக்கு வந்து 54 புள்ளிகள் எடுத்தார். இதையெல்லாம் விதியாக நினைத்துவிடக் கூடாது. யாகர் போல ஆட்கள் அபூர்வம்.

வாதிம் ஷிபச்சியோவ்: இவர் எதிர்த்திசை. 2017-ல் பெரிய எதிர்பார்ப்போடு ரஷ்யாவில் இருந்து வேகாஸ் அணிக்கு வந்தார். 3 ஆட்டம், ஒரு கோல். சில வாரங்களில் மூட்டையைக் கட்டிக்கொண்டு எஸ்.கே.ஏவுக்கே திரும்பிவிட்டார்.

இனி ஐந்தாவது வகையைப் பார்க்கலாம். கிரில் கப்ரிசோவை மினசோட்டா அணி 2015 டிராஃப்ட்டில் 135-வது ஆளாக எடுத்தது. அவர் என்.எச்.எல்லில் முதல் ஆட்டம் ஆடியது 2021 ஜனவரியில். வந்த சீசனிலேயே சிறந்த புதுமுக வீரர் விருது. அடுத்த சீசனில் 108 புள்ளிகள். மாட்வே மிச்கோவ் 2023-ல் 7-வது ஆளாக எடுக்கப்பட்டார். ரஷ்ய ஒப்பந்தம் 2026 வரை இருந்ததால் அதற்கு முன் வர மாட்டார் என்று பலரும் நினைத்தார்கள். 2024 கோடையிலேயே விடுவிக்கப்பட்டு வந்துவிட்டார். முதல் சீசனில் 63 புள்ளிகள்.

இதில் ஒரு பொதுவான கோடு தெரிகிறது. 20 வயதில் காத்திருப்பில் இருப்பவரும், 30 வயதில் கிளம்பிப் போனவரும் ஒன்றல்ல. முதலாமவருக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். இரண்டாமவருக்கு ஒவ்வொரு வருடமும் கரைந்துகொண்டே போகும்.

திரும்பி வர்ற நேரமும் முக்கியம்

சீசன் நடுவில் ஒருவர் திரும்புவது நினைப்பது போல அவ்வளவு சுலபம் கிடையாது. என்.எச்.எல் சீசன் தொடங்கிய பிறகும் வெளிநாட்டு லீக்கில் ஆடிய ஒரு சுதந்திர வீரர், அதே சீசனில் என்.எச்.எல்லில் சேர வேண்டும் என்றால் வெய்வர் என்ற கட்டத்தைத் தாண்ட வேண்டும். அதாவது மற்ற அணிகள் அவரைத் தட்டிப் பறிக்க வாய்ப்பு கொடுக்கப்படும்.

2011 ஜனவரியில் கோல்கீப்பர் எவ்கெனி நபோகோவ் இதில்தான் மாட்டினார். ரஷ்யாவில் இருந்து வந்து டெட்ராய்ட் அணியுடன் ஒப்பந்தம் போட்டார். வெய்வரில் நியூயார்க் ஐலேண்டர்ஸ் அணி அவரைத் தூக்கிக்கொண்டது. அவர் அங்கே போக மறுத்துவிட்டார். அந்த சீசன் முழுவதும் என்.எச்.எல்லில் ஓர் ஆட்டம் கூட ஆடவில்லை. "நபோகோவ் வர்றார், டெட்ராய்ட்டில் வெற்றி மேல் வெற்றி" என்று கணக்குப் போட்டு இடம் ஒதுக்கியவர்களின் கணக்கு அங்கேயே தப்பிவிட்டது.

இன்னொரு சிக்கல் காலண்டர். இவான் டெமிடோவ் மான்ட்ரியல் அணிக்காக முதல் ஆட்டம் ஆடியது 2025 ஏப்ரல் 14. அந்த ஆட்டத்திலேயே ஒரு கோல், ஒரு பாஸ். ஆனால் லீக் சுற்று முடிய சில நாட்களே பாக்கி. அந்த சீசன் ஃபேன்டஸி கோப்பைக்கு அதனால் பயன் மிகக் குறைவு. அடுத்த சீசனுக்குத்தான் அவர் சொத்து.

சண்டை எங்கே ஆரம்பிக்குது?

ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்வோம். 12 பேர் லீக். ஒருவர் தன் இரண்டு நல்ல வீரர்களைக் கொடுத்து ஒரு ரஷ்ய நட்சத்திரத்தை வாங்குகிறார். மூன்றே வாரத்தில் அந்த நட்சத்திரம் ரஷ்யாவுக்குக் கிளம்புகிறார். வாங்கியவர் கேட்கிறார்: "டிரேடை ரத்து பண்ணுங்க, இல்லன்னா எனக்கு ஒரு எக்ஸ்ட்ரா இடம் கொடுங்க." விற்றவர் சொல்கிறார்: "நான் என்ன பண்ண முடியும்? ரிஸ்க் உங்களோடது."

தீர்ப்பு சொல்ல வேண்டிய கமிஷனரும் அதே லீக்கில் ஓர் அணி வைத்து ஆடுபவர்தான். அவர் எந்தப் பக்கம் சொன்னாலும், "தனக்குச் சாதகமா சொல்லிட்டார்" என்ற பேச்சு வரும். பல வருட நட்பில் கீறல் விழுவது இப்படித்தான்.

பிரச்னை கமிஷனரின் நேர்மையில் இல்லை. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று தெரிந்த பிறகு விதி எழுதியதுதான் பிரச்னை. எந்த வீரர் போவார் என்று யாருக்குமே தெரியாத நேரத்தில் எழுதும் விதிதான் எல்லோருக்கும் சமமாக இருக்கும்.

என்ன விதி எழுதி வைக்கலாம்?

சீசன் தொடங்கும் முன், எல்லோரும் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயங்கள் இவை.

தனிப் பட்டியல்: ஒவ்வொரு அணிக்கும் வெளிநாட்டில் இருக்கும் வீரர்களுக்கென ஒன்று அல்லது இரண்டு இடங்கள் கொடுக்கலாம். சில தளங்களில் இதற்கென்றே தனி இடம் உண்டு. இல்லாத தளங்களில் கமிஷனர் ஒரு ஷீட்டில் எழுதி வைத்தால் போதும். இடங்களுக்கு வரம்பு வைக்காவிட்டால் ஒருவரே பத்துப் பேரைப் பதுக்கிவிடுவார்.

காலக்கெடு: கிளம்பிப் போனவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று சீசன். அதற்குள் வராவிட்டால் உரிமை போய்விடும், எல்லோருக்கும் பொதுவாகிவிடுவார். இன்னும் என்.எச்.எல்லுக்கே வராத இளம் வீரர்களுக்கு இதைவிட நீண்ட கெடு நியாயம். கப்ரிசோவுக்கு மினசோட்டா ஐந்தரை வருடம் காத்திருந்தது.

எது அதிகாரபூர்வ செய்தி: வீரரின் ஏஜென்ட் சொன்னார், ரஷ்ய ஊடகம் எழுதியது என்பதெல்லாம் போதாது. அணியோ லீக்கோ அறிவித்த பிறகுதான் பட்டியல் மாற்றம் என்று எழுதிவிட வேண்டும்.

திரும்பினால் எத்தனை நாள்: என்.எச்.எல் ஒப்பந்தம் உறுதியான நாளில் இருந்து ஒரு வாரத்துக்குள் முக்கிய அணியில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் விட்டுக்கொடுக்க வேண்டும்.

டிரேடு: முடிந்த டிரேடு முடிந்ததுதான். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் வீரரின் உரிமையை மற்றவருக்கு விற்க அனுமதி கொடுக்கலாம். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் விற்பார். பொறுமை உள்ளவர் வாங்குவார்.

சம்பளக் கணக்கு: சம்பள வரம்பு வைத்து ஆடும் லீக்குகளில், போனவரின் தொகை கணக்கில் இருந்து முழுதாகக் கழியுமா, பாதியா என்று முன்பே சொல்லிவிட வேண்டும். நிஜ அணிகளுக்கே இது தலைவலி. 2016-ல் பாவெல் தட்சுக் ரஷ்யாவுக்குக் கிளம்பியபோது, அவரது 7.5 மில்லியன் டாலர் கணக்கைத் தள்ளிவிட டெட்ராய்ட் அணி அரிசோனாவுடன் பேரம் பேசியது. அதற்காக டிராஃப்ட்டில் 16-வது இடத்தைக் கொடுத்து 20-வது இடத்துக்கு இறங்கியது.

நஷ்ட ஈடு: வீரரை இழந்தவருக்கு அடுத்த டிராஃப்ட்டில் கூடுதல் வாய்ப்பு கொடுக்கலாம் என்று சிலர் கேட்பார்கள். காயத்தால் ஒரு சீசனை இழந்தவருக்கு அப்படி எதுவும் தருவதில்லை என்பதை ஞாபகப்படுத்தினால் போதும். தனிப் பட்டியலில் ஓர் இடம் கொடுப்பதே போதுமான நிவாரணம்.

உங்க கையில் இப்போ அப்படி ஒரு வீரர் இருந்தா?

முடிவெடுக்கும் முன் நாலு கேள்விகள். அவருக்கு வயது என்ன? அங்கே எத்தனை வருட ஒப்பந்தம்? என்.எச்.எல்லில் அவர் உரிமை யாரிடம் இருக்கிறது? அந்த ஓர் இடத்தில் வேறு யாரை வைத்து ஆட முடியும்?

25 வயதுக்குள், ஒரு வருட ஒப்பந்தம், உரிமை வைத்திருக்கும் அணி இன்னும் ஆசையாகக் காத்திருக்கிறது என்றால் பிடித்து வையுங்கள். 30 தாண்டியவர், மூன்று வருட ஒப்பந்தம் என்றால், யாராவது வாங்க முன்வரும்போதே விற்றுவிடுவது நல்லது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத் தனிப் பட்டியலில் இடம் இருந்தால் ஒரு சீசன் பார்க்கலாம். முக்கிய அணியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கமிஷனர் நீங்கள் என்றால், அடுத்த டிராஃப்ட்டுக்கு முன் இந்த விதிகளைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டு, ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கி வையுங்கள். அடுத்த கோடையில் கிளம்பப் போகும் வீரர் உங்கள் அணியில் இருப்பவராகவே கூட இருக்கலாம்.